லாக் ஆயிடுச்சுங்க

“செக்டார் ரெண்டு லாக் ஆயிடுச்சுங்க. உங்க பேர் சொல்லுங்க.”

“பேர் எதுக்கு மேடம்? போலீஸ்ல எழுதிக் கொடுக்கவா?”

“லாக் கேட்டவர்தான் அன்லாக்கும் கேட்கணும். வேற யார் கேட்டாலும் திறக்க மாட்டேன். அதுக்குத்தான்.”

“நடுவுல நான் செத்துப்போயிட்டா?”

“செத்துப்போனா அது லாக்லயே கிடக்கும். அந்தத் தெருவுல ஒருத்தரும் போன் பேச முடியாது. அத்தனை பேரும் உங்களைத்தான் திட்டுவாங்க. அதனால ஒழுங்கா வேலையை முடிச்சுட்டு நீங்களே கூப்பிடுங்க.”

அவனும் அவளும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கம்பத்தில் பெல்ட்டை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்த அவன், ஒரு கையில் ஸ்பேனரையும் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனையும் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, “என்னண்ணா, கன்ட்ரோல் ரூம்ல ஜோக் எல்லாம் சொல்றாங்களா?” என்று கேட்டான்.

கட்டடங்களின் மொட்டை மாடியில் செல்போன் ஆன்டெனா மாட்டுவதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில். வீட்டில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்ட பெயர்களே வேலையிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு கட்டடத்தில் மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா இருக்கும். ஒவ்வொரு திசையும் ஒரு செக்டார். ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவின் முன்னால் நிற்கக்கூடாது, அதன் கேபிளைக் கழற்றக்கூடாது. அடுப்பு இல்லாமல், நெருப்பு இல்லாமல் சதையைச் சுட்டுவிடும். அதனால் கை வைப்பதற்கு முன்னால் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து அந்த செக்டாரை நிறுத்தச் சொல்லவேண்டும். அவர்கள் நிறுத்தி, யாரும் தவறிக்கூடத் திறக்காதபடி பூட்டிவைப்பார்கள். அதற்குப் பெயர்தான் லாக். வேலை முடிந்ததும் பூட்டச் சொன்னவனே மறுபடி கூப்பிட்டுத் திறக்கச் சொல்லவேண்டும்.

ஆக, ஒரு மாடிக்கு இரண்டு போன். பெரியவனுக்கு அந்த இரண்டும் போதவில்லை. லாக் தேவைப்படாத வேலைக்கெல்லாம் லாக் கேட்க ஆரம்பித்தான்.

“இன்னைக்கு வெறும் போல்ட்தானே இறுக்குறீங்க? அதுக்கு எதுக்குங்க லாக்?”

“பயமா இருக்குங்க.”

“அதான பார்த்தேன். ஆறாவது மாடியில தொங்குற ஆளுக்கு போல்ட்டைப் பார்த்துப் பயமா?”

பயம் கல்யாணத்தில் போய் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவனிடம், பகலில் போனில், “உங்க பேர் சொல்லுங்க” என்று விறைப்பாகக் கேட்பாள். “உன் புருஷன்” என்பான். “அப்படி ஒரு பேர் எங்க சிஸ்டத்துல இல்லைங்க” என்பாள். சின்னவன் கேலி செய்வான்: “அண்ணன் கட்டிக்கிட்டது அண்ணியை இல்ல, அந்த அன்லாக்கை.”

அந்தக் குரலைக் கேட்டால் இப்போது பெரியவனின் வலது கை மரத்துப்போகிறது.

ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்தின் மாடியில் அது நடந்தது. கடைக்காரர் முன்னொரு காலத்தில், ஆன்டெனா தன் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறார். அப்போது வேலை பார்த்த யாரோ சில பேர், முன்பக்கத்து ஆன்டெனாவைப் பின்பக்கமும் பின்பக்கத்து ஆன்டெனாவை முன்பக்கமுமாக மாற்றி மாட்டியிருக்கிறார்கள். கேபிளை மாற்றவில்லை. ஆனால் ஸ்டிக்கரை மட்டும் அழகாக, புதிதாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு என்று எழுதியிருந்த ஆன்டெனாவுக்குள் ஓடியது மூன்றாம் செக்டார். மாடியில் நின்றவனுக்கும் அது தெரிய வழியில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரிய வழியில்லை.

மார்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன அலாரம் உண்டு. ஆபத்து என்றால் கத்தும். அந்த மாடியில் இன்னொரு கம்பெனியின் ஆன்டெனாக்களும் இருந்ததால் படியேறியதிலிருந்தே அது கத்திக்கொண்டிருந்தது. “இது ஒண்ணு, பச்சைக் குழந்தை மாதிரி” என்று சொல்லி சின்னவன் அதைக் கழற்றிக் கருவிப் பையில் போட்டான்.

“செக்டார் ரெண்டு லாக் ஆயிடுச்சுங்க.”

“ஆயிடுச்சுடா. கழட்டு.”

அவள் சொன்னதை அவன்தான் தம்பிக்குச் சொன்னான். சின்னவன் கனெக்டரைக் கழற்றினான். நடுக்கம்பியில் விரல் பட்டது. சுட்டதைவிட, கையை உதறியதுதான் வினையாகிவிட்டது. பெல்ட்டின் கொக்கியை ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற அந்த ஒரு நொடியில் அவன் உதறினான். படிக்கட்டுக் கூரைமேல் போய் விழுந்தான்.

பெரியவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்றும் தெரியவில்லை. ஆன்டெனாக்களுக்கு மின்சாரம் போகிற கேபினெட்டைத் திறந்து மெயின் சுவிட்சையும் பேட்டரி சுவிட்சையும் ஒரே அடியாகக் கீழே தள்ளினான். பேசிக்கொண்டிருந்த போனும் அதோடு அறுந்தது. கன்ட்ரோல் ரூமில் அவளுக்குக் கடைசியாகக் கேட்டது ஓர் அலறல். அப்புறம் திரையில் அந்தக் கட்டடம் முழுவதும் சிவப்பு. யார் அலறியது என்று அவளுக்கு சாயங்காலம்வரை தெரியாது.

விசாரணையில் யார் பேரிலும் குற்றம் இல்லை என்றார்கள். கேபிள் மாறிக் கிடந்தது, அவ்வளவுதான். பெரியவனும் அதைத்தான் நம்பினான். வீட்டில், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் அதைத்தான் சொன்னான். “அவ என்னங்க பண்ணுவா? ஸ்க்ரீன்ல ரெண்டுன்னு இருந்துச்சு, ரெண்டை நிறுத்தினா.” மனசாரச் சொன்னான். அவன் கைக்குத்தான் அது புரியவில்லை.

சின்னவன் இப்போது முன்னறைக் கட்டிலில் இருக்கிறான். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை நடப்பான். வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி கிடையாது. அண்ணிதான் அவனுக்கு எல்லாம். காலையில் எழுந்து அவன் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்து, முதுகைத் துடைத்து, சாப்பாட்டை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. ஒருநாள் ராத்திரி அவன் உருண்டு விழாமல் இருக்கக் கட்டில் தடுப்பைத் தூக்கி மாட்டினாள். “என்ன அண்ணி, எனக்கு லாக் போட்டாச்சா?” என்றான் சின்னவன். அவன் எப்போதும்போல விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா?” என்றான் பெரியவன்.

“சும்மா இருந்தா மட்டும் என்ன ஆயிடப்போகுது? இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கறதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு முட்டுது” என்று சின்னவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியவன் மறுபடி மாடி ஏறியபோதுதான் விஷயம் தெரிந்தது. லாக் கேட்டான். ஆயிடுச்சுங்க என்றாள். கனெக்டர்மேல் கையை வைத்தான். கை திருகவில்லை. நடுக்கம்கூட இல்லை. யாரோ வேறொருவனின் கையைக் கொண்டுவந்து தோளில் தைத்துவிட்டதுபோல அது பாட்டுக்குக் கிடந்தது. அலாரத்தை எடுத்து ஆன்டெனாவின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தான். சத்தம் இல்லை. புத்திக்குத் தெரிந்தது. கை கேட்கவில்லை. இடது கையால் எப்படியோ திருகி, வேர்த்து விறுவிறுத்து இறங்கினான். அடுத்த மாடியிலும் அப்படியே. அதற்கடுத்த மாடியிலும் அப்படியே.

ஒருநாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். பக்கத்து சீட்டில் இருக்கும் வயதானவர் போனை எடுத்தார். எப்போதும் இருமிக்கொண்டே இருப்பதால் அவருக்கு இருமல்காரர் என்று பெயர். “ரெண்டு… லொக்கு… லாக் ஆயிடுச்சு தம்பி… லொக்கு” என்றார். அவர் எதையும் இரண்டாவது தடவை சரிபார்க்கிற ரகம் இல்லை. அரைத் தூக்கத்தில் இருப்பவர். ஆனால் பெரியவனின் கை பழையபடி, வெண்ணெயில் கத்தி போவதுபோல வேலை செய்தது. வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தபோது அவனுக்குப் புரிந்தது. பயம் ஆன்டெனாவைப் பார்த்து இல்லை. உயரத்தைப் பார்த்தும் இல்லை. அவளுடைய குரல்தான்.

இதை எப்படிப் போய் அவளிடம் சொல்வது? நீ வேண்டாம் என்றால், நீதான் என் தம்பியைத் தள்ளிவிட்டாய் என்றுதானே அவள் காதில் விழும்? தினமும் அந்தத் தம்பியின் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிடுகிறவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வான். செருப்பைக் கழற்றும்போது தொண்டைவரை வந்துவிடும். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். வாங்கிக் குடிப்பான். வார்த்தையும் தண்ணீரோடு உள்ளே போய்விடும்.

சின்னச் சின்ன தந்திரம் செய்து பார்த்தான். அவள் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து லாக் கேட்டான். அன்று வீட்டுக்கு வந்ததும் சின்னவன் கட்டிலிலிருந்து, “இன்னைக்கு இருமல்காரர்கிட்ட பேசினியாமே?” என்று கேட்டான்.

“ஆமா. அவர் எடுத்தார்.”

“அண்ணி ரொம்ப வருத்தப்பட்டாங்க. நான் இல்லாத நேரத்துல அவருக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன பண்றதுன்னு. இனிமே சாப்பாட்டை சீட்லயே வச்சுக்கறாங்களாம். நீ மேல ஏறுற நாள்ல எல்லாம் டியூட்டியை மாத்திப் போட்டுக்கறாங்களாம். உன் போனை வேற யாரையும் எடுக்க விடறதில்லையாம்.” அவன் அண்ணனின் முகத்தையே பார்த்தான். “உனக்கு அதுல ஏதோ கஷ்டம். என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. நீ பல்லைக் கடிச்சுக்கிட்டே எத்தனை நாளைக்கு ஏறுவே?”

“ஒண்ணும் இல்லடா.”

“ஒண்ணும் இல்லாமத்தான் நான் இங்க படுத்திருக்கேன். நீயும் பக்கத்துல ஒரு கட்டில் போட்டுக்கோ. ரெண்டு பேருக்கும் அண்ணி ஒண்ணாவே சோறு ஊட்டட்டும்.”

பெரியவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அந்த வாரம் அவனுக்கு ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் வேலை. இரண்டாம் செக்டாரின் பழைய ஆன்டெனாவை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டவேண்டும். பள்ளத்தில் இருக்கும் பகுதி அது. பக்கத்துக் கட்டடங்களின் சிக்னல் எட்டாது. அங்கே எல்லார் போனுக்கும் அந்த மாடிதான் கதி. தம்பி இடத்தில் இப்போது உடன் வருகிறவர் அவனைவிட மூத்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. குச்சி என்றால்தான் யாருக்கும் தெரியும்.

மதிய வெயிலில் தரை கொதித்தது. கயிறும் கப்பியும் கட்டி, கம்பத்தில் பெல்ட்டை மாட்டி நின்றுகொண்டு பெரியவன் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தான். முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

“சொல்லுங்க.”

“செக்டார் ரெண்டு லாக் வேணும்.”

“பண்றேங்க. இருங்க. லைன்லயே இருங்க.” விசைகள் தட்டுகிற சத்தம். “ஆயிடுச்சுங்க. இருங்க, இன்னொரு தடவை பார்க்கறேன். ஆமா, ஆயிடுச்சு. ட்ராஃபிக் எதுவும் போகலை. ஒண்ணும் மூணும் ஓடுது, ரெண்டு நின்னுடுச்சு. கேபிளைக் கையால தொட்டுக்கிட்டே மேலேருந்து கீழவரைக்கும் பார்த்தீங்களா? எதுல போய்ச் சேருதுன்னு பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அலாரம் மாட்டியிருக்கீங்களா?”

“மாட்டியிருக்கேன்.”

“நான் இங்கேயேதாங்க இருக்கேன். எழுந்து போகவே மாட்டேன்.”

அவள் குரல் கடைசியில் லேசாகப் பிசிறியது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவன் கனெக்டரைப் பிடித்தான். அலாரம் ஊமையாக இருந்தது. கேபிளை ஒரு முறைக்கு மூன்று முறை தடவிப் பார்த்திருந்தான், எல்லாம் சரி. கை மட்டும் வரவில்லை. இந்தத் தடவை இடது கையும் வரவில்லை.

கீழேயிருந்து குச்சி நிமிர்ந்து பார்த்தார். “என்ன தலைவரே, அதைக் கழட்டப் போறீங்களா, கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கப் போறீங்களா? வெயில்ல நான் வடகமாயிடுவேன் போலிருக்கே!”

“இருங்க.”

“ஏற்கெனவே குச்சி. காய்ஞ்சா அடுப்புல வைக்கத்தான் ஆவேன்.” கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் ஏணியில் ஏறிப் பக்கத்தில் வந்து, “தள்ளுங்க, நான் கழட்டறேன்” என்று கையை நீட்டினார்.

பெரியவன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஏணி ஆடியது. குச்சி கம்பத்தைக் கட்டிக்கொண்டு சமாளித்தார். இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள்.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு தம்பி” என்றார் குச்சி. தலைவரே போய்விட்டது. “கோபம்னா கீழே போனதும் அடி. இங்க வேண்டாம்.”

“தப்புதான். மன்னிச்சுடுங்க. நீங்க அதைத் தொட்டுடாதீங்க.”

“அதான் லாக் ஆயிடுச்சே? அந்தம்மா இத்தனை தடவை சொன்னாங்களே?”

பெரியவன் பெல்ட்டைக் கழற்றினான், ஏணியில் இறங்கினான், மாடியின் மூலையில் இருந்த கேபினெட்டைப் போய்த் திறந்தான். உள்ளே விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மெயினையும் பேட்டரியையும் சேர்த்துக் கீழே தள்ளினான்.

விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பச்சை விளக்குகள் அணைந்தன. மூன்று செக்டாரும் செத்தன.

அந்த அமைதியில் அவனுடைய கை திரும்பி வந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தான், மடங்கின. ஏறினான், கழற்றினான். நான்கு கனெக்டரும் நான்கு சுற்றில் வந்துவிட்டன. பழைய ஆன்டெனாவைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், புதியதை ஏற்றினார்கள். குச்சி பேசாமல் கயிற்றை இழுத்தார். பெரியவனுக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. தம்பியோடு வேலை செய்த காலம்போல வாயில் ஏதோ பாட்டுகூட முணுமுணுப்பாக வந்தது.

எதிர்வீட்டு பால்கனியில் ஒருவர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பால்கனியில் இன்னொரு பெண். தெருவில் இரண்டு பேர் ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். குச்சியும் தம்முடைய போனை எடுத்துப் பார்த்தார். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, இங்க சுத்தமா சிக்னல் இல்லை. மொத்தமும் போச்சுன்னா அங்க அந்தம்மா ஸ்க்ரீன்ல என்ன காட்டும்?”

பாட்டு நின்றது.

எல்லாம் சிவப்பாகக் காட்டும். அன்றைக்குக் காட்டியதுபோலவே காட்டும். அவள் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பாள். அவன் சட்டைப்பையில் இருக்கும் போன் கல்போலக் கிடந்திருக்கிறது.

இறங்கி ஓடவேண்டும்போல இருந்தது. ஆனால் புது ஆன்டெனா கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு போல்ட் பாதி ஏறியிருந்தது. கீழே தெருவில் ஆள் நடமாட்டம். விட்டுவிட்டு நகர முடியாது. “கேபினெட்டைப் போடுங்க குச்சி! கயித்தைச் சுவர்க் கொக்கியில கட்டிட்டுப் போய் ரெண்டையும் தூக்கி விடுங்க!” என்று கத்தினான். அவர் ஓடினார். விசிறிகள் சுற்றத் தொடங்கின. ஆனால் அது வீட்டு பல்பு இல்லையே, போட்டவுடன் எரிய. எல்லாப் பெட்டியும் தூங்கி எழுந்து, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அவன் போல்ட்டுகளை முறுக்கினான். அவனே லாக் கேட்டு வாங்கிய செக்டார்தான், நல்லவேளை, மற்றவை எழுந்தாலும் அது எழாது. அந்த எண்ணம் வந்ததும் விரல் மறுபடி விறைக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி போல்ட்டை இறுக்கினான்.

போனில் ஒரு கோடு வந்தது. அடுத்த கோடு. உடனே கூப்பிட்டான். எடுத்தது இருமல்காரர்.

“தம்பி! லொக்கு… நல்லா இருக்கியாப்பா?”

“நல்லா இருக்கேன் ஐயா. அவகிட்ட கொடுங்க.”

“அவ எங்க இங்க இருக்கா? ஸ்க்ரீன் சிவந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு ஓடினா. ஹெட்போன் கழுத்துலயே கிடக்கு, வயரைப் பிச்சுக்கிட்டுப் போயிட்டா. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு… லொக்கு… என்னப்பா ஆச்சு அங்க?”

அவன் போனை வைத்தான். கம்பத்திலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். குச்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாடிக் கதவு படாரென்று திறந்தது.

இத்தனை வருஷமும் மாடிகளை அவள் எண்களாகத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு மொட்டை மாடியில்கூடக் கால் வைத்ததில்லை. உயரம் என்றால் தலை சுற்றும். இப்போது கைப்பிடி இல்லாத அந்த ஓரத்தைக் கவனிக்காமல், கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு ஓடி வந்தாள். கழுத்தில் ஹெட்போன் கிடந்தது. அறுந்த வயர் முழங்கால்வரை தொங்கியது. அவனுக்கு முன்னால் மண்டியிட்டு அவன் கைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலையும் அழுத்தினாள். “வலிக்குதா? இங்க? உணர்ச்சி இருக்கா?” என்றாள். இடுப்பைத் தொட்டாள். காலை மடக்கச் சொன்னாள். சின்னவனுக்குச் செய்கிற அதே வரிசையில் செய்துகொண்டே வந்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“அப்புறம் ஏன்…” மூச்சு வாங்கியது. “மொத்தமும் ஏன்…”

குச்சி முன்னால் வந்தார். “கரண்ட் போயிடுச்சும்மா. கட்டடத்துல ஏதோ ஃபியூஸ். நாங்களே பயந்துட்டோம்.” சொல்லிவிட்டுப் பெரியவனைப் பார்த்தார். பிடித்துக்கொள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே கலைந்தது. அந்தத் திரையின் முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் அவள்.

“கரண்ட் போனா பேட்டரி தாங்கும்” என்றாள் மெதுவாக. “முதல்ல மஞ்சள் வரும். சிவப்பு எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் வரும். இன்னைக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு. ரெண்டையும் யாராவது கையால தள்ளினாத்தான் அப்படிப் போகும்.”

குச்சி கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் மாடியின் மறுபக்கம் போய்விட்டார்.

“நீங்கதான் தள்ளினீங்களா?”

“ஆமா.”

“நான் லாக் பண்ணது சரியா ஆகலையா? ஏதாவது ஓடுச்சா? அலாரம் கத்துச்சா?”

“இல்ல. எல்லாம் சரியா இருந்துச்சு. நீ பண்ணினது எல்லாமே சரி.”

“அப்ப ஏங்க?”

அவன் கேபினெட்டைப் பார்த்தான். உள்ளே பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. எதிர் பால்கனிக்காரர் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே உள்ளே போனார். ஃபியூஸ் என்றே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு நாள் தள்ளலாம். அந்த இன்னொரு நாளில் குச்சியின் இடத்தில் யார் நிற்பார்கள், யார் காலரை அவன் பிடித்து இழுப்பான் என்று நினைத்துப் பார்த்தான்.

அதற்குள் அவளே தொடங்கினாள். குரல் கெஞ்சியது. “எனக்குத் தெரியுங்க. பயமா இருக்கும். இருக்காதா பின்னே? இனிமே நான் இன்னும் ரெண்டு தடவை பார்த்துச் சொல்றேன். அந்த சைட்டோட பழைய விவரம் எல்லாத்தையும் முந்தின நாளே எடுத்துப் பார்த்து வச்சுக்கறேன். நீங்க கழட்டி முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், லாக்லதான் இருக்கு, லாக்லதான் இருக்குன்னு. உங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கேங்க. சரியா?”

அவன் அவளுடைய கழுத்திலிருந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான். தொங்கிய வயரை அதன்மேல் சுற்றித் தரையில் வைத்தான். சுடுகிற தரையில் இருந்த அவள் கால்களைத் தன் பக்கம் இழுத்து, தன்னுடைய ஷூவின்மேல் எடுத்து வைத்துக்கொண்டான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லப்போறது உன்மேல பழி இல்ல. அதை முதல்ல மனசுல வாங்கிக்கோ” என்றான். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. “நான் மாடி ஏறுற அன்னைக்கு நீ அந்த சீட்ல உட்காராதேம்மா. என் போனை நீ எடுக்காதே.”